இழுவை போன எஞ்சின்

பட்டறைக்கு அவுட்போர்டு எஞ்சினைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "இழுவை இல்ல ஆசானே." மறு மூச்சில் ஆசையும் வந்துவிடும். "எப்படியும் கழத்தத்தானே போறிய, கொஞ்சம் பவரும் ஏத்தித் தாருங்க." பக்கத்துத் துறையில் யாரோ 9.9 குதிரைத்திறனை 15 ஆக்கிவிட்டார், யாரோ ஹெட்டை இழைத்துவிட்டுப் பறக்கிறார் என்ற கதைகளும் கூடவே வரும். நான் மறுப்பதில்லை. பவர் ஏற்றலாம். ஆனால் அதற்கு முன்னால், கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த பவர் எங்கெங்கே ஒழுகிப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை மீட்டுக் கொடுத்தாலே முக்கால்வாசிப் பேருக்கு மனசு நிறைந்துவிடும். மீட்காமல் மேலே மேலே ஏற்றினால் அந்த ஒழுக்கும் சேர்ந்துதான் பெருகும்.

தொழில் பழக ஆசைப்பட்டு வருகிற பையன்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நாங்கள் இருப்பது குளச்சல், முட்டம் பக்கத்துக் கரை. இங்கே எஞ்சினுக்குச் சொகுசு கிடையாது. வள்ளத்தை அலையில் இறக்கி அலையில்தான் ஏற்றுவார்கள். வேலை முடிந்ததும் 35 கிலோவுக்கு மேலிருக்கும் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து மணலில் நடப்பார்கள். உப்பும் மணலும் மண்ணெண்ணெய்க் கரியும் சேர்ந்து தின்றதைத்தான் நாம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஆசான், 1980-களில் இந்தக் கரையில் அவுட்போர்டு பரவிய காலத்திலேயே கையில் ஸ்பேனர் எடுத்தவர். எஞ்சின் வந்தால் உடனே திறக்கமாட்டார். ஸ்டாண்டில் மாட்டி, இரண்டு பிளக்கில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுப்பார். வேகமாக இழுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சிலிண்டர் மட்டும் அழுத்தும்போது கயிறு ஓர் இடத்தில் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு எவ்வளவு நேரம் நிற்கிறது, விடும்போது 'புஸ்' என்று எந்தப் பக்கம் போகிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு பிளக்கை மாற்றிப் போட்டு அடுத்த சிலிண்டர். "மேல உள்ளது செத்துக் கிடக்கு மக்கா" என்பார். கேஜ் போட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

நான் கேஜையும் விடமாட்டேன். பிளக் இரண்டையும் கழற்றி, வயர்களை பாடியில் எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை கயிற்றை இழுக்க வேண்டும். த்ராட்டிலை மூடி வைத்துப் பார்த்தால் நல்ல எஞ்சினும் நோயாளி போலக் காட்டும். அளவு என்ன வருகிறது என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மற்ற எதையும் தொடாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றுவதுதான் இந்தத் தொழிலில் பாதி. அலுமினிய பிளாக்கில் ஸ்டீல் போல்ட். நடுவில் வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீர். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடியாகப் பூத்து அது பிளாக்கோடு ஒன்றாகியிருக்கும். ஸ்பேனரில் பைப் மாட்டி மிதித்தால் தலை கையோடு வந்துவிடும், உடல் உள்ளே நிற்கும். அதனால் முந்தின நாள் மாலையே ஒவ்வொரு போல்ட்டின் மேலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டி வைப்பேன். காலையில் கேஸ் பர்னரால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குவேன், போல்ட்டை அல்ல. அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும். அந்த மயிரிழை இடைவெளிதான் நமக்கு வேண்டும். பிறகு முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் திருப்ப வேண்டும், அப்புறம் கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம். 'கிறீச்' என்று சத்தம் வந்தால் நல்லது, அது இளகுகிற சத்தம். சத்தமே இல்லாமல் ஸ்பேனர் மட்டும் ரப்பர் போல நெகிழ்ந்தால் கையை எடுத்துவிட வேண்டும், போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது. முறிந்தே போனால், நிற்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டு அடித்துத் திருப்பலாம். வெல்டின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். துளைபோட்டு எடுக்கிறேன் என்று டிரில் மெஷினை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். ஸ்டீலைவிட அலுமினியம் மெத்தென்று இருப்பதால் பிட் வழுக்கிப் பக்கத்துச் சுவருக்குள் போய்விடும். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் கிரீஸ் தடவிப் பூட்டினால், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். பெரும்பாலும் அது நீங்களாகவே இருப்பீர்கள்.

இதோடு ஒன்று. கடலில் முழுகிய எஞ்சினை எடுத்து வெயிலில் காயவைத்து, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று யாரும் விடக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த எஞ்சின்கள் வரிசையாக வந்தன. காற்றுப்பட்டுக் கிடந்தவற்றில் பேரிங் எல்லாம் துருவேறிப் போயிருந்தது. உடனே பிரிக்க முடியாவிட்டால் நல்ல தண்ணீர் டிரம்மில் அப்படியே முக்கி வைத்திருங்கள். அது கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் காற்றும் உப்பும் சேர்ந்து செய்கிற கேட்டை நல்ல தண்ணீர் மட்டும் தனியாகச் செய்யாது.

ஹெட் வந்ததும் சிலிண்டரை விரலால் தடவிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. விரல் பொய் சொல்லும். போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்க்க வேண்டும். தேய்மானம் வட்டமாக இருக்காது. புகைபோகும் போர்ட் இருக்கும் பக்கம்தான் அதிகம் தின்றிருக்கும். போர் பண்ணத்தான் வேண்டும் என்றால் நாகர்கோவிலுக்கு பிளாக்கைக் கொண்டுபோகும் முன்பே 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த பிஸ்டனை அளந்து அதற்கு ஏற்றபடிதான் போர் போட வேண்டும். முதலில் போர், பிறகு பிஸ்டன் தேடல் என்று போனால், டப்பாவில் எழுதியிருக்கும் அளவை நம்பிப் பூட்டி, முதல் நாளிலேயே பிஸ்டன் பிடித்துக்கொண்டு நிற்கும்.

போர் போட்டு வந்த பிளாக்கில் போர்ட் விளிம்புகள் கத்தி போலக் கூராக இருக்கும். லேத்காரர் அதைப் பார்ப்பதில்லை, அவர் வேலை வட்டத்தோடு முடிந்தது. சின்ன அரைவட்ட அரத்தாலும் எமரியாலும் ஒவ்வொரு விளிம்பையும் மெல்ல மழுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அந்த விளிம்பில் மாட்டி உடையும். பிஸ்டன் தலையில் 'UP' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது மேக்னட் (ஃப்ளைவீல்) இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், பிஸ்டன் காடியில் இருக்கும் ஊசியில் போய் உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னுக்குத் தனித்தனி ஊசி பேரிங் உள்ள மாடல் என்றால், ஊசிகளை ஒரு தட்டில் கொட்டி எண்ணி வைத்து, கிரீஸில் ஒட்டவைத்து வரிசையாக அடுக்குங்கள். எண்ணும்போது பேச்சுக் கொடுக்கிறவரை வெளியே அனுப்பிவிடலாம். பழைய சர்க்கிளிப்பை மறுபடி போடக் கூடாது. அதன் விலை ஒரு சாயாக் காசு; அது கழன்றால் போவது சிலிண்டர்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புதிதாக வருகிறவர்கள் மறந்துபோவது கீழே இருக்கிற கிராங்க் கேஸை. அதுவும் ஒரு பம்ப்தான். பிஸ்டன் மேலே போகும்போது கார்ப்பரேட்டரிலிருந்து கலவையை உள்ளே இழுக்கும், கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளும். அந்த அறையில் காற்று ஒழுகினால் மேலே எவ்வளவு போர் போட்டாலும் பயன் இல்லை. மேக்னட்டைக் கழற்றும்போது அடியில் எண்ணெய் கசிந்து ஈரமாகக் கிடந்தால் மேல் சீல் போய்விட்டது என்று அர்த்தம். வெளிக்காற்று உள்ளே போய் மேல் சிலிண்டருக்கு எண்ணெயும் எரிபொருளும் குறைந்து, ஒருநாள் நடுக்கடலில் பிடித்துக்கொள்ளும். மேக்னட்டைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓரத்தில் சுத்தியலால் அடித்தால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் உடையும். திரும்பப் பூட்டும்போது கூம்புப் பகுதியில் எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்து, நட்டை டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். லூசாக விட்டால் கீ அறுந்து டைமிங் ஓடிப்போகும்; எஞ்சின் இருமும், ஆள் கார்ப்பரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பார்.

அந்த அறையின் வாயில் கலவையை உள்ளே விடும் ரீடு தகடுகளைக் கழற்றி ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நுனியில் வெளிச்சக் கோடு தெரிந்தால் ஃபீலர் கேஜை எடுக்க வேண்டும். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்து நின்றால் மாற்றுவது நல்லது. நுனி சிதறிய தகட்டோடு ஓட்டவே கூடாது, அந்தச் சில்லு நேராக சிலிண்டருக்குத்தான் போகும். புது ரீடு, புது சீல், புது ரிங் போட்ட எஞ்சின் காலையில் ஒரே இழுப்பில் பிடிக்கும்போது சொந்தக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். பவர் ஏற்றும் பேச்சை அத்தோடு விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

விடாதவர்களுக்காக இனி. முதலில் ஹெட் இழைப்பது. பெட்ரோல் எஞ்சினில் ஹெட்டைக் கொஞ்சம் இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றினால் பவர் கூடும் என்பது உண்மை. ஆனால் நம் கரையில் ஓடுவதில் பாதி மண்ணெண்ணெய் எஞ்சின். மண்ணெண்ணெய்க்கு அழுத்தம் தாங்கும் குணம் குறைவு. தீப்பொறி வரும் முன்பே, அல்லது வந்தபின் தாறுமாறாக, வெடித்துவிடும். அதற்காகத்தான் கம்பெனியே அந்த மாடல்களில் கம்ப்ரஷனைக் குறைத்து வைத்திருக்கிறது. வேறொரு பட்டறையில் ஹெட்டை இழைத்து வாங்கிய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று என்னிடம் வந்தது. "ரெண்டு வாரம் சும்மா பறந்துது ஆசானே" என்றார் வள்ளக்காரர். திறந்தால், பிஸ்டன் தலையின் ஓரம் எலி கறண்டின தேங்காய் மாதிரி இருந்தது. பிளக் முனையில் அலுமினியப் பொடி மினுமினுத்தது. ரிங் காடி உடைந்து ரிங்கும் இரண்டாகியிருந்தது. இழைத்த ஹெட்டை மறுபடி வளர்க்க முடியாது. தடித்த பாக்கிங் வெட்டிப் போட்டுத்தான் சமாளித்தோம்.

பெட்ரோல் எஞ்சினாக இருந்தாலும் இழைப்பதற்கு முன் அளந்து பாருங்கள். பிளக் துளை வழியாக மெல்லிய ஈயக் கம்பியைச் சிலிண்டர் சுவர் வரை நுழைத்து, மேக்னட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தால், பிஸ்டன் நசுக்கிய இடத்தின் கனம்தான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. வெர்னியரில் பார்த்துவிடலாம். அது ஒரு மில்லிமீட்டர் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். கோணியிருந்தால் மட்டும் தடித்த கண்ணாடியில் எமரி ஒட்டி, எண்ணெய் விட்டு, எட்டுப் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

9.9-ஐ 15 ஆக்கும் கதையில் உண்மை இருக்கிறது. யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் 9.9-க்கும் 15-க்கும் சிலிண்டர் ஒன்றேதான்: 56 மில்லிமீட்டர் போர், 50 ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டரும் சேர்ந்து 246 சி.சி. அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 குதிரைத்திறனுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்ததால் 9.9 என்ற விசித்திர எண்ணுக்கு அங்கே கிராக்கி. அதே பிளாக்குக்கு மூச்சை அடைத்து 9.9 ஆக்கினார்கள். மூச்சைத் திறந்தால் 15. ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களிலும் இதே வித்தை உண்டு; அங்கே பெரும்பாலும் கார்ப்பரேட்டர் மாற்றம்தான். ஆனால் மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கும். ஒன்றில் கார்ப்பரேட்டர் மட்டும், இன்னொன்றில் ரீடு ஸ்டாப்பர் உயரமும், வேறொன்றில் புகைவழியும் மாறும். 15-இன் கார்ப்பரேட்டரை அதற்குரிய ஜெட்டோடு முழுசாக வாங்கிப் போடுங்கள். பழைய கார்ப்பரேட்டரின் தொண்டையை டிரில்லால் அகலப்படுத்தும் வேலையை நான் எடுப்பதில்லை.

போர்ட் அரைப்பதைப் பற்றி எங்கள் ஆசானுக்கு நிலையான கருத்து இருந்தது. பாக்கிங் விளிம்பு போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டு, வார்ப்பில் நிற்கும் முள்ளை அரத்தால் எடு, அதோடு நிறுத்து. புகைப் போர்ட்டின் மேல்விளிம்பை உயர்த்தினால் உச்ச சுற்றில் பவர் கூடும், அடியில் இழுவை குறையும். பந்தயப் படகுக்கு அது சரி. "வலையும் ஐஸும் நாலு ஆளும் ஏத்திட்டு அலையை முறிச்சு வெளிய போறவனுக்கு அடியிலல்லா இழுவை வேணும்" என்பார். நானும் அதற்கு மேல் போனதில்லை.

கார்ப்பரேட்டரில் ஜெட்டைப் பெரிசிலிருந்து தொடங்கிச் சிறிசுக்கு வர வேண்டும். எரிபொருள் கூடினால் புகையும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் போகும். முழு த்ராட்டிலில் கொஞ்ச தூரம் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமல் அப்படியே சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் உடனே ஜெட்டை ஏற்ற வேண்டும். கரைக்கு வருவதற்கு முன் மண்ணெண்ணெயிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீன் நிறைய கிடைத்த அன்று மறப்பதும் எல்லோருக்கும் வழக்கம். மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்ற பிறகு எனக்குப் போன் வரும்.

பவர் ஏறினால் சூடும் ஏறும். அதனால் இம்பெல்லர் புதிது, அதன் அடித்தகடும் புதிது. மணல் அரைத்த தகட்டில் புது ரப்பர் போட்டால் ஒரு சீசன்கூட நிற்காது. பிளாக்கின் தண்ணீர் வழிகளில் உப்புக்கட்டி பாறையாக நிற்கும். கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். பின்னால் பீச்சும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் எஞ்சின் இழுக்கவில்லை என்று திரும்பி வந்தால் நான் கால்பக்கம்தான் பார்ப்பேன். புரொப்பல்லரில் பொறித்த இரண்டாவது எண் பிட்ச், ஒரு சுற்றில் அது தண்ணீரில் முன்னேற வேண்டிய அங்குலம். 15 குதிரை யமஹாவின் கியர் 2.08-க்கு 1. எஞ்சின் 5,200 சுற்று ஓடினால் புரொப்பல்லர் 2,500. 9 அங்குல பிட்ச் என்றால் கணக்குப்படி மணிக்கு 34 கிலோமீட்டர் போக வேண்டும். வலை ஏற்றிய வள்ளம் அதில் பாதி போனாலே பெரிது. மீதி தண்ணீரைக் கலக்குவதில் போகிறது. ஆனாலும் வேகம் வேண்டும் என்று 11 அங்குலம் வாங்கி மாட்டுவார்கள். டேக்கோமீட்டரைப் பிளக் வயரில் சுற்றி, முழு பாரத்தோடு கடலில் பார்த்தேன், ஒரு வள்ளத்தில். த்ராட்டில் முழுக்கத் திறந்தும் 4,000-தான் வந்தது. அந்த எஞ்சின் 4,500-க்கும் 5,500-க்கும் நடுவில் ஓட வேண்டியது. பழைய பெட்டியிலிருந்து 8 அங்குல புரொப்பல்லர் ஒன்றை எடுத்து மாட்டியதும் 4,600 தொட்டது. வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்று மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் ஏமாற வேண்டியதில்லை. எஞ்சினைத் திறக்காமலே தீர்ந்த வேலை என்று அந்த வள்ளக்காரர் கூலியில் பேரம் பேசினார். அது வேறு கதை.

அணியத்தில் நிற்கிறவருக்குத் தெரியாத இன்னொன்று, எஞ்சின் தொங்கும் உயரம். புரொப்பல்லருக்கு மேலே படுத்திருக்கும் தகடு வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். உயர்ந்துவிட்டால் காற்றைக் குடித்து உறுமும், தாழ்ந்துவிட்டால் தண்ணீரை உழும். ஃபைபர் வள்ளங்களில் அமரத்துக் கட்டையை இஷ்டத்துக்கு உயர்த்திக் கட்டியிருப்பார்கள். ஒரு பலகை சீவினால் சரியாகும்.

புது ரிங் போட்ட எஞ்சினை முதல் 10 மணி நேரம் 25-க்கு 1 என்று எண்ணெய் கலந்து, பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். நீலமாகப் புகை வரும், பிளக் எண்ணெயாகும், பக்கத்து வள்ளக்காரன் கேலி செய்வான். "இவ்வளவு செலவு பண்ணி ஊர்ந்து போகவா?" என்று கேட்காத ஆள் இல்லை. அதனால் கூலியில் பாதியைத்தான் முதலில் வாங்குவேன். 10 மணி நேரம் ஓடிய எஞ்சினைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஹெட் போல்ட்டை ஒரு முறை டார்க் ரெஞ்சில் பார்த்து, இரண்டு பிளக்கையும் கழற்றி நிறம் பார்த்து, கேஜ் போட்டு எழுதி வைத்த பிறகுதான் மீதிப் பணம்.